சிபாரிசு லெட்டரின் பின்பக்கம்

அந்தப் படிப்பு எனக்கு எதுக்குன்னு வூட்ல யாருக்கும் விளங்கல. "எம்பிஏவா?"ன்னு அப்பா கேட்டாரு. இல்லப்பா, இது மாஸ்டர்ஸ், சப்ளை செயின் மட்டும், ஒரே வருஷம்னு சொன்னேன். சரக்கு கிளம்பற எடத்துல இருந்து போய்ச் சேர்ற எடம் வரைக்கும் வீணாகாம எப்படிக் கொண்டுபோறதுன்னு சொல்லித்தர்ற படிப்பு. "அதத்தான் நீ கம்பெனியில பண்ணிக்கிட்டு இருக்கியே"ன்னாரு. அவரு சொன்னது தப்பில்ல. எங்க ஊரு இண்டூர்ல பஸ் ஏறிப் போயி ஒரு மாம்பழக் கூழ் கம்பெனியில நாலு வருஷமா சூப்பர்வைசரா இருந்தேன். சீசன்ல வாசல்ல லாரிங்க வரிசையா நிக்கும். எறக்கறதுக்குள்ள அடியில இருக்கற பழம் நசுங்கி ஒழுக ஆரம்பிச்சிடும். எந்த லாரிய எப்ப வரச் சொல்றது, எந்தக் காய எத்தன நாள் பழுக்க வெக்கறதுன்னு ஒரு மொறையே கிடையாது. எல்லாம் கைப்பழக்கம்தான். அதப் பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரியும். ஒரு பெரிய பிசினஸ் ஸ்கூல்ல இதுக்குன்னே படிப்பு இருக்குன்னு தெரிஞ்சதும், போனா இதுக்குத்தான் போவணும்னு முடிவு பண்ணிட்டேன்.

அப்பா கெடு வெச்சாரு. இந்த ஒரு தடவ போட்டுப் பாரு, கிடைக்கலன்னா தை மாசம் கல்யாணம், அப்புறம் பேச்சு மாறக் கூடாது. மாப்பிள்ள வூடு பாப்பிரெட்டிப்பட்டி பக்கம். ரெண்டு தடவ வந்து காபி குடிச்சிட்டுப் போயிட்டாங்க. நல்ல மனுஷங்கதான், குத்தம் சொல்ல ஒன்னும் இல்ல. ஆனா அவங்க வந்துட்டுப் போன அன்னைக்கெல்லாம் எனக்கு மூச்சு முட்டும்.

அப்ளிகேஷனுக்கு ரெண்டு சிபாரிசு லெட்டர் வேணும். ஒன்னு காலேஜ்ல இருந்து, இன்னொன்னு வேல பாக்கற எடத்துல இருந்து. நம்ம பக்கம் சிபாரிசு லெட்டர் எப்படி வாங்குவோம்? போயி முன்னாடி நிப்போம். "நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தரேன்"னு சொல்லுவாங்க. அத யாரும் பொய்யின்னு நெனைக்கறதில்ல, உதவின்னுதான் நெனைப்போம். காலேஜ் மேடமும் அப்படித்தான் சொன்னாங்க, கம்பெனி மேனேஜர் சாரும் அப்படித்தான் சொன்னாரு.

மேனேஜர் சாரு இந்த நாலு வருஷத்துல ஒரு நாள் கூட என்னப் பாத்து 'நல்லா பண்ணின'ன்னு சொன்னதில்ல. சரியாப் பண்ணினா பேச மாட்டாரு, தப்புப் பண்ணினா கூப்பிடுவாரு. அந்த மனுஷன் வாயில இருந்து என்னென்ன கேக்கணும்னு ஏங்கினனோ அத்தனையும் அந்த லெட்டர்ல எழுதினேன். 'என் அனுபவத்தில் இவரைப் போன்ற பொறுப்பான பணியாளரைக் கண்டதில்லை' அப்படின்னு இங்கிலீஷ்ல. சாரு ஸ்கூட்டர் சீட்டு மேல காகிதத்த வெச்சு, படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு.

இன்டர்வியூ வீடியோவுல நடந்துச்சு. எதிர்ல மூணு பேரு. நல்லாத்தான் போயிக்கிட்டு இருந்துச்சு. அதுல ஒருத்தரு அந்த லெட்டர எடுத்து சத்தமா வாசிச்சிட்டு, "உங்க மேனேஜர் உங்க மேல ரொம்ப மதிப்பு வெச்சிருக்காரே"ன்னாரு. எனக்கு மொகமெல்லாம் எரிஞ்சுது. நான் எனக்கே மால போட்டுக்கிட்டு நிக்கற மாதிரி இருந்துச்சு. என் வாய்க்குப் பூட்டு கிடையாது, அது சின்ன வயசுல இருந்தே இருக்கற வியாதி. "சார், அது நான் எழுதினது. அவரு கையெழுத்து மட்டும்தான் போட்டாரு"ன்னு சொல்லிட்டேன்.

மூணு பேருல ஒருத்தரா இருந்த மேடம் தமிழ்ல கேட்டாங்க: "ஏன் இப்ப சொல்றீங்க?" அந்தப் புகழ்ச்சியக் கேக்க வெக்கமா இருந்துச்சு மேடம்னேன். அவங்க, "அவரையே எழுதச் சொல்லுங்க. தமிழ்லயே கையால எழுதட்டும், நான் படிச்சுக்கறேன். ஒரு வாரத்துக்குள்ள அனுப்புங்க"ன்னாங்க. அன்னைக்கு எனக்குள்ள ஒரு பெரும வேற இருந்துச்சு, பொய் சொல்லாதவ நான்னு. அத மறைக்க மாட்டேன்.

மேனேஜர் சாருகிட்ட போயி நடந்தத சொன்னேன். மனுஷன் கொதிச்சுப் போயிட்டாரு. "ஊரே பண்றத நீ மட்டும் அங்க போயி ஒப்பிச்சிட்டு வந்தியா? என் கையெழுத்துக்கு என்னம்மா மரியாத இனிமே?" என் பெருமைக்கு அவரு மானத்த எடுத்துச் செலவு பண்ணிட்டு வந்திருக்கேன்னு அப்பதான் ஒறச்சுது. நாலு நாள் என்கிட்ட பேசல. மேடம் குடுத்த கெடுவுக்கு முந்தின நாள் கூப்பிட்டு, நாலா மடிச்ச காகிதத்தக் கையில குடுத்தாரு. "நீயே ஸ்கேன் பண்ணி அனுப்பிக்கோ, அந்த மிஷினு எனக்கு வராது"ன்னாரு.

கம்பெனி லெட்டர் பேடுல எழுதியிருந்தாரு. 'இந்தப் பெண்ணுக்குக் கோபம் அதிகம். வேலை தெரியும். எந்தப் பழப்பெட்டி எந்த ரூமில் இருக்கிறது என்று கேட்டால் உடனே சொல்லும். லீவு போடாது. இது போய்விட்டால் எனக்குச் சிரமம்.' கீழ கையெழுத்து. அவ்வளவுதான். நான் எழுதின ரெண்டு பக்க இங்கிலீஷு இது முன்னாடி நிக்காது. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

திருப்பினா பின்பக்கமும் எழுதியிருந்துச்சு. 'உண்மையை எழுதச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன். போன சீசனில் ஒரு வயதான பெண் பணியாளரை இருபது பேர் முன்னிலையில் திட்டிவிட்டது. தவறு அந்த அம்மாள் மேல் இல்லை. மூன்று நாள் கழித்து வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டது. அந்த அம்மாளே என்னிடம் சொன்னார். தப்பை ஒத்துக்கொள்ளும் குணம் இருக்கிறது.' அங்கயும் ஒரு கையெழுத்து.

திட்டினது உண்ம. மன்னிப்புக் கேக்கல. நான் போகவே இல்ல.

நடந்தது இதுதான். பழம் பிரிக்கற எடத்துல வேல செய்யற அக்கா அவங்க, அம்பது வயசுக்கு மேல இருக்கும். அன்னைக்குக் காய் இருந்த பெட்டிய எல்லாம் பழத்தோட கலந்து மிஷினுக்கு அனுப்பிட்டாங்கன்னு நெனச்சு, "கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?"ன்னு கத்தினேன். அவங்க வயசுக்கு நீ, வான்னு சொன்னதே தப்பு. சாயங்காலம் பெட்டி சீட்டெல்லாம் எடுத்துப் பாத்தா, பழுக்க வெக்கற ரூம் நம்பர மாத்தி எழுதினது நான்தான். என் கையெழுத்து பளிச்சுன்னு இருக்கு. சாருக்கும் அது தெரிஞ்சுபோச்சு. அந்த அக்கா மூணு நாள் வேலைக்கு வரல, நாலாவது நாள் வந்தாங்க. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு, அப்படியே விட்டுட்டேன். தெனமும் கேக்கலாம் கேக்கலாம்னு இருந்து ஒரு வருஷம் ஓடிப்போச்சு.

இப்ப இந்தக் காகிதத்த வெச்சுக்கிட்டு என்ன பண்றது? முன்பக்கத்த மட்டும் அனுப்பலாம், பின்னாடி எழுதியிருக்குன்னு யாருக்குத் தெரியும்? அப்படி அனுப்பினா குத்தத்த மறைச்ச மாதிரி. ரெண்டையும் அனுப்பினா பண்ணாத நல்லதுக்குப் பேரு வாங்கின மாதிரி. அந்த அக்கா என்னக் காப்பாத்தத்தான் அப்படிச் சொல்லியிருக்காங்கன்னு நெனச்சேன். நெனைக்க நெனைக்க என் மேலயே எனக்கு அருவருப்பா இருந்துச்சு. மறுநாள் காலையில மொத பஸ்ல அவங்க வூட்டுக்குப் போனேன்.

கொழாயில தண்ணி வர்ற நேரம். குடத்த வெச்சுட்டு நிமிந்து பாத்தாங்க. "வாங்க மேடம், என்ன இந்நேரத்துக்கு?"ன்னாங்க. சொன்னேன். சாரு எழுதினது, படிப்பு, எல்லாத்தையும். கடைசியா, "எனக்காக ஏங்க்கா அப்படிப் பொய் சொன்னீங்க?"ன்னு கேட்டேன்.

அவங்க மொகம் மாறிப்போச்சு. "உனக்காகன்னு யாரு சொன்னது?"ன்னாங்க. அதுவரைக்கும் வாங்க போங்கன்னு இருந்தது நின்னுபோச்சு. "இருபது பொம்பளைங்க முன்னாடி அவ்வளவு பேச்சு வாங்கிட்டு, மூணு நாள் கழிச்சு நானா வந்து நின்னா என்ன பேசுவாங்க? ரோஷமில்லாதவன்னு பேசுவாங்க. வேலைக்கும் வந்தாவணும். அதான் வூட்டுக்கே வந்து கேட்டுட்டுப் போச்சு, சின்னப் பொண்ணு, போனாப் போவுதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். சாருகிட்டயும் சொன்னேன். எனக்காகச் சொல்லிக்கிட்டேன்."

நான் செய்யாத கடமைய அவங்களே செஞ்சு, அத வெச்சு ஒரு வருஷம் தல நிமிந்து நடந்திருக்காங்க. "அக்கா, நான்"னு ஆரம்பிச்சேன்.

"வேணாம். அதான் போன வருஷமே கேட்டுட்டியே. நீ இப்ப வந்துதான் கேட்டன்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் என் பேச்சு பொய்யாயிடும். அந்த ஸ்கூலுக்கும் சொல்லாத, சாருக்கும் சொல்லாத. அவரு எழுதினத அப்படியே அனுப்பு." குடம் ரொம்பி வழிஞ்சுது. தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு உள்ள போயிட்டாங்க. நான் கொஞ்ச நேரம் அங்கயே நின்னேன். அவங்க திரும்ப வெளிய வரல.

கம்பெனிக்குப் போயி ரெண்டு பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி அனுப்பினேன்.

பத்து நாள் கழிச்சு அந்த மேடமே ஃபோன் பண்ணினாங்க. தருமபுரி பஸ் ஸ்டாண்டுல ஊருக்குப் போற பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு இருந்தேன். சீட்டு கிடைச்சிருக்கு, மெயில் வரும்னாங்க. ஒரு எடம்தான் பாக்கி இருந்துச்சு, ரெண்டு பேருக்குள்ள யாருன்னு ரொம்ப யோசிச்சோம், அந்தப் பின்பக்கத்தப் படிச்சதும் முடிவு பண்ணிட்டோம்னாங்க. அப்புறம், "எனக்கே தெரிஞ்சுக்கணும்னு ஆசை, அதான் கேக்கறேன். அந்த அம்மாகிட்ட என்ன சொல்லி மன்னிப்புக் கேட்டீங்க?"ன்னாங்க.

என் வாய்க்குப் பூட்டு கிடையாதுன்னு சொன்னேன் இல்லையா, அன்னைக்குத்தான் அதப் பூட்டக் கத்துக்கிட்டேன். "அவங்க என்னக் கேக்கவே விடல மேடம்"னேன்.

"பெரிய மனசு அவங்களுக்கு"ன்னாங்க மேடம். ஆமாங்க மேடம்னு சொல்லி ஃபோன வெச்சேன்.