தோத்தாத்ரி பாஸ் செய்த இல்லம்

தோத்தாத்ரி ஒன்றைப் பார்த்துவிட்டு "நன்னாயிருக்கு" என்று சொல்லிவிட்டால் ஸ்ரீரங்கத்தில் பலருக்கு அதற்குமேல் பேச்சில்லை. பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் காலமெல்லாம் தரப் பரிசோதனை செய்தவர். தேறிய சாமானில் சாக்பீஸால் ஒரு கோடு, தேறாததில் ஒரு பெருக்கல் குறி. ரிடையர் ஆனபின் கையில் சாக்பீஸ் இல்லையே தவிர, புத்தி அதேதான். கல்யாண மண்டபம், சமையல் கான்டிராக்ட், மாப்பிள்ளைப் பையன், கண் டாக்டர், எதுவானாலும் "தோத்தாத்ரியை ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வரச் சொல்லு" என்பார்கள். அவரும் போவார். கூப்பிடாவிட்டாலும் போவார்.

தனக்கென்று ஒரு பெண்ணைத்தான் அவரால் பாஸ் செய்ய முடியவில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளில் கேசரியில் நெய் போதாததைக் கண்டுபிடித்தார், ஜாதகத்தில் ஒரு வயது இடிப்பதைக் கண்டுபிடித்தார், மாமியார் ஆகவேண்டியவளின் குரலில் அதிகாரம் தொனிப்பதைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு முறையும் வேஷ்டியை உதறிக்கொண்டு ஜெயித்தவர் மாதிரி எழுந்து வந்தார். கடைசியில் அவருக்கு மிஞ்சியது தங்கை குமுதவல்லியும் அவள் புருஷனும். திருவானைக்காவலில் அவர்களுடைய ஃபிளாட்டில் ஓர் அறை இவருக்கு. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அந்தக் கட்டடத்தை இவர் பாஸ் செய்யவில்லை என்பதை மாடி ஏறும்போதெல்லாம் தங்கைக்குச் சொல்லிக் காட்டுவார்.

தங்கை புருஷனுக்கு நுரையீரலில் புற்றுநோய் முற்றி, இனி செய்ய ஒன்றுமில்லை, வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் இடத்தில் சேருங்கள் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்தபோது, இடம் பார்க்கத் தோத்தாத்ரிதான் கிளம்பினார். சித்திரை வீதியில் பீமராவ் என்பவர் ஒரு பழைய வீட்டை மாற்றிக் கட்டி, சாகக் கிடப்பவர்களுக்கு ஓர் இல்லம் நடத்திக்கொண்டிருந்தார். தோத்தாத்ரி குளியலறைத் தண்ணீர் எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தார். படுக்கை விரிப்பை மோந்து பார்த்தார். ரசத்தை உள்ளங்கையில் வாங்கிக் குடித்தார். வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை என்று இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டு உறுதிசெய்துகொண்டார். ஜன்னல்களின் கொசுவலையை விரலால் அழுத்திப் பார்த்தார். கட்டிலில் கிடந்தவர்களிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரயில் சக்கரத்தைக்கூடச் சுத்தியலால் தட்டி, அது என்ன சத்தம் போடுகிறது என்று காதுகொடுத்துக் கேட்டுத்தான் விடுவார்கள். மனுஷர்களுக்கு அந்த மரியாதையும் வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

பீமராவ் கடைசியாகச் சொன்ன ஒரு சங்கதியில் அவர் அப்படியே விழுந்துவிட்டார்.

"இத்தனை வருஷத்துல எங்களால ஒரு நாள்கூடப் பெருமாள் புறப்பாடு தடைப்பட்டதில்லை சார்."

வீதியில் ஒரு பிணம் கிடந்தால் அதை எடுக்கும்வரை அந்த வழியாகச் சுவாமி வரமாட்டார். அது அங்கே குடியிருப்பவர்கள் அத்தனைபேருக்கும் தெரிந்த வழக்கம். உற்சவ நாளில் சாவு விழுந்த வீட்டை ஊரே முறைக்கும். சாவதற்கென்றே வந்து படுத்திருக்கும் வீட்டிலிருந்து ஒரு புறப்பாடும் நின்றதில்லை என்றால் சாதாரண விஷயமா? "அதுன்னா நிர்வாகம்!" என்றார் தோத்தாத்ரி. எப்படி என்று ஒரு பச்சைக்குழந்தை கேட்டிருக்கும். இவர் கேட்கவில்லை.

தங்கை புருஷனான அந்த மாப்பிள்ளை அந்த வருஷம் சித்திரைத் தேர் சமயத்தில், கூட்டத்தில் யாரும் பார்க்க வரவேண்டாம் என்று இல்லத்தில் சொல்லியிருந்த நாட்களில், போய்விட்டார். உடம்பை இல்லத்து வண்டியிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். குளிப்பாட்டும்போது குமுதவல்லி கவனித்தாள். கால், கை, கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது.

"இத்தனை கொசு எங்கேர்ந்துண்ணா வந்தது? ஜன்னலுக்கெல்லாம் வலை போட்டிருக்குன்னியே?"

"போறவனைக் கொசு கடிக்கப்படாதுன்னு சட்டமா? நான் பாஸ் பண்ணின இடம். வாயை மூடிண்டு ஆகவேண்டியதைப் பாரு."

புருஷன் உடம்பு பக்கத்தில் கிடக்கும்போது தங்கையிடம் இப்படிப் பேச ஒரு மனசு வேண்டும். அது தோத்தாத்ரிக்கு இருந்தது. அவள் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

அடுத்த வருஷம் பங்குனியில் அவருக்கே கணையத்தில் புற்றுநோய் வந்தது. முதுகைத் துளைத்துக்கொண்டு போகும் வலி. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று குமுதவல்லி அழுதாள். இவர் கேட்கவில்லை. பீமராவின் இல்லத்தில், முதல் மாடியில், வீதியைப் பார்த்த ஜன்னலோரக் கட்டில்தான் வேண்டும் என்று அடம்பிடித்துச் சேர்ந்துகொண்டார். அவருக்கு இருந்தது ஒரே ஆசை. சித்திரைத் தேர் அந்த ஜன்னலுக்கு நேராக வரும். படுத்தபடியே ஒருதரம் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் எப்போது கண்ணை மூடினாலும் சரி. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இதையே சொன்னார். ஜன்னலுக்கும் தேருக்கும் எவ்வளவு தூரம் இருக்கும், எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தால் பெருமாள் முகம் தெரியும் என்பதெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

குறை சொல்ல அங்கே அதிகம் இல்லை. பிரேமலதா என்கிற நர்ஸ் வேளைக்கு மருந்து கொடுத்தாள், வலி அடங்கியது. ரசம் மட்டும் நீர்த்துவிட்டது. அதைச் சொல்லி அனுப்பினார்.

கொடியேறிய அன்று, பக்கத்துக் கட்டிலில் பக்கவாதத்தில் கிடந்த கிழவர் இழுத்து இழுத்துப் பேசினார்.

"தேருக்கு முன்னாடி பிரேமலதா வந்து காலைத் தொட்டுப் பார்ப்பா. ஜில்லுன்னு இருந்தா அன்னிக்கே வண்டி."

"என்ன வண்டி?"

"கொள்ளிடம் தாண்டி ஒரு மண்டபம். தேர் முடியறதுக்குள்ளே போயிடுவான்னு தோணறவாளை அங்கே கொண்டுபோய்ப் போட்டுடுவா. இங்கே செத்தா தெருவுக்குத் தீட்டாச்சே. போன வருஷம் என்னையும் கொண்டுபோனா. நான் சாகலை, திருப்பிக் கொண்டுவந்தா." கிழவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "உம்ம மாப்பிள்ளை என் பக்கத்துலதான் கிடந்தார். ராத்திரி பூரா தண்ணி தண்ணின்னார். கேட்டவா எல்லாரும் எழுந்துக்க முடியாதவா."

தோத்தாத்ரிக்கு அந்த நிமிஷம் மாப்பிள்ளை முகம் ஞாபகம் வந்திருந்தால் அவரைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதலாம். அவர் முதலில் செய்தது, போர்வைக்குள் கையை விட்டுத் தன் காலைத் தொட்டுப் பார்த்ததுதான். ஜில்லென்று இருந்தது. அன்றிலிருந்து சாக்ஸ் கேட்டார், வெந்நீர்ப் பை கேட்டார், ஒரு பாதத்தால் இன்னொரு பாதத்தைத் தேய்த்துக்கொண்டே கிடந்தார். தங்கையிடம் ஒன்றும் சொல்லவில்லை.

தேருக்கு முந்தின வாரம் உப்பிலியபுரத்திலிருந்து மாதவன் என்று ஒருவர் தன் அம்மாவுக்கு இடம் பார்க்க வந்தார். மஞ்சள் மண்டி வைத்திருப்பவர், நல்ல வசதி. அம்மாவுக்குக் கல்லீரலில் கட்டி. அவருக்கு மனசு ஒப்பவில்லை என்பது நிற்கிற நிலையிலேயே தெரிந்தது. பீமராவ் அவரை நேரே தோத்தாத்ரியின் கட்டிலுக்குக் கூட்டிவந்தார்.

"சார் ரயில்வேல இன்ஸ்பெக்டர். எதையும் லேசுல பாஸ் பண்ணமாட்டார். இவரையே கேளுங்கோ." பிறகு, குரலை மாற்றாமலேயே, "இந்த ஜன்னல்தான் மாமாவுக்கு உசிர். தேர் அன்னிக்கு மாமா இங்கேதான் இருப்பார், இல்லையா மாமா?" என்றார்.

தோத்தாத்ரிக்குப் புரிந்துவிட்டது. காலமெல்லாம் எத்தனையோ கான்டிராக்டர்கள் இப்படிச் சிரித்துக்கொண்டு எதிரே நின்றிருக்கிறார்கள். அப்போதெல்லாம் அவர் வளைந்ததே இல்லை. அந்த ஒரு கர்வத்தில்தான் மனுஷர் இத்தனை வருஷம் ஓட்டினார்.

மாதவன் குனிந்து கேட்டார். "ஐயா, உண்மையைச் சொல்லுங்க. அம்மாவை நம்பி விட்டுட்டுப் போகலாங்களா?"

"தாராளமா விடுங்கோ," என்றார் தோத்தாத்ரி. "என் தங்கை ஆத்துக்காரரையே இங்கேதான் சேர்த்தேன். தங்கமா பார்த்துண்டா."

பக்கத்துக் கட்டில் கிழவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். திருப்பிக்கொள்ளவே அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

தேருக்கு முதல் நாள் காலையில் பிரேமலதா வந்தாள். வெந்நீர்ப் பையை எடுத்து ஓரமாக வைத்தாள். சாக்ஸைக் கழற்றினாள். பாதத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள், நகத்தை அழுத்திப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. ரெண்டு நாள்தான். வந்துடலாம்."

"பீமராவைக் கூப்பிடு!"

பீமராவ் வந்தார். தோத்தாத்ரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உமக்காகப் பொய் சொன்னேனேய்யா. என் வாயால சொன்னேனே!"

"அதை மறப்பேனா மாமா? ரொம்ப உபகாரம்." பீமராவ் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "அந்த அம்மாவுக்கும் ஜன்னலோரம்தான் வேணுமாம். இன்னிக்கே வரா. அவாளுக்குக் கால் சூடா இருக்கு."

ஸ்ட்ரெச்சரை வாசலில் இறக்கும்போது மாதவன் தன் அம்மாவைக் காரிலிருந்து கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் நிமிர்ந்து தேர்முட்டிப் பக்கம் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். மாதவன் தோத்தாத்ரியைப் பார்த்ததும் ஓடிவந்தார். "ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போறாங்களாய்யா? நீங்க சொன்ன ஒரு வார்த்தைக்குத்தாங்க சேர்த்தேன். நல்லா இருக்கணும் நீங்க."

தோத்தாத்ரி வாயைத் திறந்தார். வண்டிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

கொள்ளிடம் பாலம் தாண்டி, டோல்கேட்டுக்கு அப்பால், பூட்டிக்கிடந்த கல்யாண மண்டபம் அது. உள்ளே தூக்கிப்போகும்போதே அவருக்கு அடையாளம் தெரிந்தது. யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்காக அதைப் பார்க்க வந்து, காற்றில்லை, கொசு பிடுங்குகிறது, ஒருவேளைச் சாப்பாட்டுக்குக்கூட மனுஷன் உட்காரமுடியாது என்று அவரே தள்ளிவிட்டுப் போன மண்டபம். பந்தி போடும் ஹாலில் பாய் விரித்து இன்னும் நாலைந்து பேரைப் படுக்கவைத்திருந்தார்கள். பார்த்துக்கொள்ள ஒரு வாட்ச்மேன், அவனும் வெளியே கேட்டருகே. வலி மாத்திரையைப் பிரேமலதா பிறகு வந்து கொடுப்பாள் என்றார்கள். அவள் வரவில்லை. உற்சவக் கூட்டத்தில் பாலத்தைத் தாண்ட வண்டி கிடைத்திருக்காது. தோத்தாத்ரி பாயின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

மறுநாள் காலையில் அவர் சட்டைப்பையில் இருந்த செல்போன் அடித்தது. குமுதவல்லி. இரண்டு கையாலும் போனைப் பிடித்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"அண்ணா, டிவில காட்டறா. வடம் பிடிச்சுட்டா. உன் ஜன்னலண்டை வந்துடுத்தா?"

அவர் முழங்கையில் ஒரு கொசு ரத்தம் குடித்துக் கனத்து உட்கார்ந்திருந்தது. அதை அடிக்கக் கை எழவில்லை.

"என்னண்ணா, சத்தமே கேக்கலையே? 'ரங்கா ரங்கா'ன்னு தெருவே அதிரணுமே? உனக்கு உடம்பு எப்படி இருக்கு? கீழே ஆட்டோ நிக்கறது. நான் இப்போ கிளம்பி வரட்டுமா?"

ஒரு வார்த்தை போதும். டோல்கேட் மண்டபம் என்று சொன்னால் அரைமணியில் வந்து நிற்பாள். மாடிப்படி ஏறவே முழங்காலைப் பிடித்துக்கொள்கிறவள், இவரைத் தோளில் தூக்கிக்கொண்டாவது போய்விடுவாள். தேர் நிலைக்கு வர நேரம் இருந்தது. எங்கேயாவது ஒரு முக்கில் ஆட்டோவை நிறுத்தி, தலையைத் தூக்கிப் பிடித்து, பார்த்துக்கோண்ணா என்று காட்டுவாள்.

ஆனால் அவள் வந்தால் இந்தப் பாயைப் பார்ப்பாள். இவர் கையைப் பார்ப்பாள், கழுத்தைப் பார்ப்பாள். அந்தத் தடிப்பெல்லாம் அவள் ஏற்கெனவே பார்த்ததுதான். தன் புருஷன் எங்கே செத்தான், யார் சொல்லிச் செத்தான் என்று அவளுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

"வராதே," என்றார். "கூட்டம் நெரியறது. ஜன்னலைச் சாத்தி வச்சிருக்கா, அதான் சத்தம் கேக்கலை. கண்ணாடி வழியாத் தெரியறது. நன்னாத் தெரியறது."

"பெருமாள் முகம் தெரியறதாண்ணா?"

"தெரியறது."

மறுமுனையில் அவள் அழுதாள். சந்தோஷத்தில் வருகிற அழுகை அது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இவ்வளவு நாள் மனசில் போட்டு வைத்திருந்ததைக் கேட்டாள்.

"அவரும் போறச்சே கஷ்டப்படலைதானே அண்ணா? உன்னைக் கேக்க எனக்குப் பயமா இருந்தது."

"படலை," என்றார் தோத்தாத்ரி. "நான் விசாரிச்சுட்டேன்."