நோலீன் அம்மையாரின் ஓணான் தம்பதி

சனிக்கிழமை காலையில் நோலீன் அம்மையார் முதலில் பெரியதற்குத்தான் கழுத்தில் பட்டு நாடா கட்டுவார். அது பொறுமையாகக் கழுத்தைக் கொடுக்கும். சின்னதற்குக் கட்டும்போது அது வாயைப் பிளக்கும், தாடி கறுத்துப்போகும். "வெக்கப்படுறா பாரு" என்று சொல்லிக்கொண்டே முடிச்சை இறுக்கி, இரண்டையும் ஒரே கூடையில் வைத்து, காரின் முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்த்தி, கல்யாணத்துக்குக் கிளம்பிவிடுவார்.

பாதிரியார் வேண்டாம் என்கிற ஜோடிகளுக்குச் சட்டப்படி கல்யாணம் செய்துவைப்பது அவர் தொழில். ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊரான மில்டூராவில் அந்தத் தொழிலுக்குப் போட்டி அதிகம். ஒருவர் கிதார் வாசிப்பார், இன்னொருவர் புறா பறக்கவிடுவார். நம் அம்மையார் கொண்டுபோவது தாடி ஓணான்கள். வெளியே வேலிக் கட்டைக்கு ஒன்றாக வெயில் காயும் சாதிதான். ஆனால் இவை கண்ணாடிப் பெட்டியில் பிறந்து வளர்ந்த சீமான்கள். பெரியதன் பெயர் கர்னல், சின்னது பெட்டூனியா.

ஆற்றங்கரையில் மணமக்களை நிறுத்திவைத்து, கூடையைத் திறந்து, அம்மையார் உபதேசத்தை ஆரம்பிப்பார். "இந்த ரெண்டையும் பாருங்க. இவங்க பெட்டில எவ்வளவு இடம் இருக்கு தெரியுமா? ஆனா தள்ளிப் படுக்குமா? ஒரே கல்லு, ஒரே விளக்கு, ஒண்ணு மேல ஒண்ணு. இதாங்க கல்யாணம்!" அந்த நேரம் பார்த்து, கர்னலுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் பெட்டூனியா ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவாக வட்டமாக ஆட்டும். "ஐயோ, டாட்டா காட்டுறா பாருங்க!" கூட்டம் மொத்தமும் திரும்ப டாட்டா காட்டும். மாப்பிள்ளையின் அம்மா மூக்கைச் சிந்துவார்.

அம்மையாரின் சொந்த இல்லறத்தையும் சொல்லிவிட வேண்டும். கணவர் டெஸ் கொல்லைப்புறத்து ஷெட்டில் குடியிருக்கிறார். அங்கே அவருக்கென்று கட்டில், ஃப்ரிட்ஜ், டிவி எல்லாம் உண்டு. சாயங்காலம் ஆட்டுக்கறி சாப்ஸ் வெந்ததும் அம்மையார் போன் செய்வார், அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். இருவருக்குள் சண்டை நடந்து பக்கத்து வீட்டுக்காரனான நான் கேட்டதேயில்லை. ஏன் இந்த ஏற்பாடு என்று கேட்டால், "குறட்டை, கண்ணு" என்பார் அம்மையார். யாருடைய குறட்டை என்று சொல்லமாட்டார்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பெட்டூனியா கண்ணைத் திறக்கவில்லை. வால் எலும்பு தோலுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று அம்மையார் என்னையும் இழுத்துக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினார். டாக்டர் சின்ன வயதுப் பெண். பெட்டூனியாவைத் திருப்பிப் பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார்.

"இது ஆம்பள. இன்னொண்ணு?"

"அவனும் ஆம்பளதான். அதனால என்ன? நான் எத்தன ஆம்பள ஜோடிக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிருக்கேன் தெரியுமா?" என்றார் அம்மையார், கொஞ்சமும் அசராமல்.

"அதுக்கில்ல. இங்க ஒரு விரலக் காணோம் பாருங்க. அவன் கடிச்சிருக்கான். மேல ஏறிப் படுக்கிறது பாசத்துல இல்ல, சூட்ட மொத்தமும் அவனே புடிச்சுக்கத்தான். தீனியும் அவனே தின்னுடறான். கைய ஆட்டுதுன்னீங்களே, அது டாட்டா இல்ல. நான் அடங்கிட்டேன், என்ன விட்டுடுன்னு கெஞ்சுது." டாக்டரின் குரல் உயர்ந்தது. "இன்னைக்கே பிரிச்சிடுங்க. தனிப் பெட்டி, தனி விளக்கு. ஒண்ணு கண்ணுல ஒண்ணு படவே கூடாது. இல்லேன்னா செத்துடும்."

"நாளைக்கு ஒரு கல்யாணம். அது முடியட்டுமே."

டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

காரில் அம்மையார் பொரிந்து தள்ளினார். "கல்யாணம் ஆகாத பொண்ணு! சேர்ந்து வாழறதப் பத்தி அதுக்கென்ன தெரியும்?" வீட்டுக்கு வந்ததும் பெட்டூனியாவை நேராக கர்னலின் பெட்டிக்குள்ளேயே விட்டார். கர்னல் நிதானமாக அதன் மேல் ஏறிப் படுத்தது. "பாத்தியா, எப்படித் தேடியிருக்கான்!" டாக்டர் சொன்னதை நினைவூட்ட வாயெடுத்தேன். இத்தனை கல்யாணத்தில் நானும் நின்று டாட்டா காட்டியவன்தான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று சாப்பிட வந்த டெஸ், பெட்டியைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். கையை விட்டு பெட்டூனியாவை எடுத்தார், சட்டைக்குள் போட்டுக்கொண்டார், சாப்ஸைத் தொடாமல் ஷெட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த மனிதர் சாப்பிடாமல் எழுந்து நான் பார்த்ததில்லை. பழைய மீன்தொட்டி ஒன்றை இழுக்கும் சத்தம் கேட்டது.

அம்மையார் கதவைத் தட்டினார். "டெஸ், தொற! ஒரு ஜோடியப் பிரிக்கிறது மகா பாவம்!"

"நம்மளப் பிரிச்சு வெச்சது யாரு, நோல்ஸ்? நல்லாத்தானே இருக்கோம்?"

"அது குறட்டை!"

"இதுக்கும் குறட்டைன்னே வெச்சுக்கயேன்."

மறுநாள் கல்யாணத்துக்குக் கர்னல் மட்டும் போனது. கர்னலின் மணப்பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று அம்மையார் அறிவித்தாராம், அதற்கும் கூட்டம் உருகியதாம். ஷெட்டில் பெட்டூனியா முதலில் விளக்கடியில் வெறுமனே கிடந்தது. முழு விளக்கும் தனக்கே என்பது அதற்குப் புரிய நாளாயிற்று. கரப்பானை டெஸ் கிடுக்கியில் பிடித்து நீட்டுவார், அது முகத்தைத் திருப்பும். "ராஜா, ஒரே ஒரு வாய்டா" என்று அந்த முரட்டு மனிதர் கெஞ்சுவார். கடைசியில் ஒரு மத்தியானம் நாக்கை நீட்டி ஒன்றைப் பிடித்தது. டெஸ் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "தின்னுட்டான்யா!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அம்மையாருக்கும் சேதி எட்டியது. ஷெட்டுக்குள் வந்தார். அவர் பங்குக்கு ஒரு பரிசும் கொண்டுவந்திருந்தார்: கர்னலின் முகம் பெரிதாகத் தெரியும் கண்ணாடிச் சட்டம் போட்ட படம். டெஸ் வாயைத் திறப்பதற்குள் அதைத் தொட்டிக்குள், கரப்பான் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். "தனியா ஏங்கக் கூடாதில்ல."

பெட்டூனியா அப்போதுதான் இரண்டாவது கரப்பானை நோக்கி வந்துகொண்டிருந்தது. படத்தைப் பார்த்ததும் உடம்பைத் தட்டையாக்கித் தரையோடு ஒட்டிக்கொண்டது. தாடி கரியாக மாறியது. அப்படியே பின்னால் நகர்ந்து நகர்ந்து, விளக்கை விட்டு, மரக்கட்டையின் பொந்துக்குள் போய்விட்டது.

"ஐயோ பாவம், சரியாத் தெரியல போலிருக்கு" என்றார் நோலீன் அம்மையார். முந்தானை போலத் தொங்கிய மேல்துண்டால் படத்தின் கண்ணாடியை நன்றாகத் துடைத்து, பொந்தின் வாசலை அடைத்தாற்போல் கொண்டுபோய் வைத்தார்.