மூன்றாவது சிலிண்டர்

பாரிஸின் ஓரத்தில், இஸ்ஸி மைதானத்தை ஒட்டிய கொட்டகையில் அன்செல்ம் ருவ்ரே இரண்டு வருடமாக ஒரு விமான இன்ஜினைச் செய்துகொண்டிருந்தான். பக்கத்தில்தான் எங்கள் ஒயின் கடை. அவன் மனைவி ஒனொரீன் எங்களிடம் பாத்திரம் கழுவி, கூலியாக ரொட்டி வாங்கிப் போவாள்.

அந்த இன்ஜினை வாங்கச் சம்மதித்தவர் வொக்லேன் ஒருவர்தான். பறக்கும் பைத்தியம் பிடித்த பணக்காரர். எடை அதிகம் என்று அவர் முணுமுணுக்க, அன்செல்ம் மூன்று சிலிண்டர்களின் இரும்புச் சுவரையும் கடைசல் இயந்திரத்தில் சீவிச் சீவி மெலிதாக்கினான்.

பறக்கும் நாளும் வந்தது. இன்ஜினை விமானத்தில் பூட்டிவிட்டு, ஸ்பேனரால் சிலிண்டர்களைத் தட்டிப் பார்த்தவனின் முகம் வெளுத்தது. இரண்டு சிலிண்டர்கள் கணீரென்றன. மூன்றாவது கரகரத்தது.

"ஐயா, இன்னைக்கு வேணாம். இதுல ஒரு பக்கம் ரொம்ப மெலிஞ்சிருக்கு. மேல போனதும் வெடிச்சிரும்."

"யோவ், ஊரே வந்து நிக்குது. இப்பப் போய் உனக்கு வயித்தக் கலக்குதா?"

"கொஞ்ச நாள் குடுங்க, புதுசா வார்த்துடறேன்."

"தள்ளுய்யா!"

வொக்லேன் ஏறி உட்கார்ந்தார். அன்செல்ம் இன்ஜினைக் கிளப்பும் தீப்பொறிக் கம்பியைப் பிடுங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். அவர் இறங்கி வந்து, எல்லோர் முன்னாலும் அவனை அறைந்தார். கூட்டம் சிரித்தது. சீக்கிரமே வொக்லேன் வேறொருவரின் இன்ஜினைப் பூட்டிப் பறந்தும்விட்டார்.

அதற்குப் பிறகு கொட்டகைப் பக்கம் ஒருவரும் வரவில்லை. குளிர்காலத்தில் அவர்கள் வீட்டு அடுப்பில் கரிகூட இல்லை.

"நிஜமாவே வெடிச்சிருக்குமாய்யா?" என்று ஒனொரீன் ஒருநாள் எங்கள் கடையில் வைத்தே அவனைக் கேட்டுவிட்டாள்.

அன்செல்ம் எழுந்து கொட்டகைக்குப் போய் இன்ஜினைச் சோதனை மேடையில் இறுக்கிப் பூட்டினான். பின்னாலேயே போன எங்களைச் சுவருக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு முழு வேகத்தில் ஓடவிட்டான். தகரக் கூரை அதிர்ந்தது. எண்ணெய்ப் புகையில் கண் எரிந்தது. அவன் மட்டும் அதன் முன்னால் நின்று, "வெடி... வெடிச்சுத் தொலை!" என்று கத்திக்கொண்டிருந்தான்.

பெட்ரோல் தீரும்வரை இன்ஜின் ஓடியது. ஒன்றும் வெடிக்கவில்லை.

"நல்லாத்தானே ஓடுச்சு..." என்றாள் ஒனொரீன்.

அன்செல்ம் கொதிக்கும் சிலிண்டரை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டான். நாங்கள் இழுத்து விலக்குவதற்குள் உள்ளங்கைகள் வெந்துவிட்டன.

"இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா வெடிச்சிருக்கும். நம்புடி."

அவள் தண்ணீரை மொண்டு மொண்டு அவன் கையில் ஊற்றினாள்.

புண் ஆறியதும் அவன் சைக்கிள் தொழிற்சாலையில் அரம் பிடிக்கப் போனான். இன்ஜின் கொட்டகையிலேயே துருப்பிடித்தது.

"நம்பறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றாள் ஒனொரீன் என்னிடம், எங்கள் கடைக் கோப்பைகளைக் கழுவியபடி. "வாய் வரலக்கா."