ஜன்னல் கண்ணாடியில் இரண்டு அறிவிப்புகள்

ஏமன் நாட்டின் ஏடன் நகரத்துக்குப் போக வேண்டிய ஒரு மரப்பெட்டியை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நான் நிறுத்திவைத்தேன். அதற்குள் இருந்தது, ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்து கொடுக்கும் இயந்திரம். அங்கிருந்த பழையது பழுதாகிவிட்டது. வாரத்துக்கு மூன்று முறை வர வேண்டிய நோயாளிகளை இரண்டு முறைதான் வரச் சொல்கிறோம் என்று அந்த மருத்துவமனையின் பொறியாளர் எழுதியிருந்தார். வியாழன் மதியம் ஹாம்பர்க் துறைமுகத்துக்கு லாரி கிளம்பும். அதைத் தவறவிட்டால் அடுத்த கப்பலுக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில், இந்த இயந்திரங்களைச் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்ப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் நான் அக்கா என்று கூப்பிடுபவர், இன்னொருவன் நான். அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களின் மகள், இங்கேயே வளர்ந்தவர், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். அந்தச் செவ்வாயன்று அவர் விடுப்பில் இருந்தார். ஏமனில் நிலவும் குழப்பத்தை முன்னிட்டு அறிவித்த தேசிய அவசரநிலையை அமெரிக்கா இன்னும் ஓர் ஆண்டுக்கு நீட்டியிருக்கிறது என்ற அறிவிப்பு அன்றுதான் என் கண்ணில் பட்டது. எங்கள் இயந்திரத்துக்குள் ஓர் அமெரிக்க வால்வு இருக்கிறது. அதனால் அந்த நாட்டுச் சட்டம் எங்களையும் தொடும். பெட்டியை நிறுத்தச் சொல்லிக் கிடங்குக்கு எழுதினேன். அவசரநிலை காரணமாக அனுப்ப இயலாது என்று ஏடன் பொறியாளருக்கும் எழுதிவிட்டேன்.

தமிழ்நாட்டில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தெருவில் யாருக்கு அரசாங்கக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். நான் வாய் திறக்கும் முன்பே அம்மா, "யாரை வரச் சொல்லியிருக்காங்க?" என்று கேட்பாள். முத்திரை போட்ட காகிதம் என்றால் கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட வேண்டும் என்பதுதான் நான் முதலில் கற்ற பாடம். முதுகலை படித்த பிறகும் அது என்னைவிட்டுப் போகவில்லை.

புதன்கிழமை காலையில் அக்கா மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, உந்தப் பெட்டியை ஏன் மறிச்சனீர்?"

"எமர்ஜென்சியை எக்ஸ்டெண்ட் பண்ணிட்டாங்க அக்கா. பிரசிடெண்டே சைன் பண்ணியிருக்கார்."

"ஓம், நானும் வாசிச்சனான். நீட்டினவை. புதுசா என்ன போட்டவை?"

நான் அறிவிப்பை மறுபடியும் திரையில் திறந்தேன்.

"போன வருசத் தாளையும் எடும்."

"அது எதுக்கு?"

"எடுமன்."

இரண்டு அறிவிப்புகளையும் அச்சடித்தேன். அக்கா ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தார். வெளிச்சத்தில் வரியும் வரியும் பெரும்பாலும் சேர்ந்தே விழுந்தன. தேதி தனியாகத் தெரிந்தது. காரணம் சொல்லும் இடத்தில் ஒரு வாக்கியம் விலகியிருந்தது. அதை மட்டும் உரக்க, இரண்டு முறை வாசித்தார்.

"இது பெட்டியை மறிக்கச் சொல்லேல்லை. அமைதியைக் குழப்புற ஆக்கள் எண்டு ஒரு பட்டியல் வச்சிருக்கினம், அவையோட கொடுக்கல் வாங்கல் கூடாது. போன வருசமும் அதுதான், இப்பவும் அதுதான். ஆஸ்பத்திரி அந்தப் பட்டியலில இருக்கோ எண்டு பாத்தனீரோ?"

"இல்லக்கா."

"மாஸ்டர்ஸ் படிச்ச ஆள்!" என்று சிரித்தார். பிறகு தாள்களைக் கண்ணாடியிலிருந்து எடுக்காமலே சொன்னார்:

"இது அப்பான்ர பழக்கம். எங்களுக்கு டுல்டுங்தானே. இப்போதைக்கு உங்களை அனுப்பேல்லை எண்டு ஆறு மாதத்துக்கு ஒருக்கா நீட்டித் தாற தாள். அதில 'வேலை செய்ய அனுமதி இல்லை' எண்டு ஒரு வரி இருக்கும். ஒருக்கா அந்த வரியை மாத்தி, கேட்டால் அனுமதிப்பம் எண்டு போட்டிருந்தவை. அப்பாக்கு ஜெர்மன் தெரியாது. ஒன்பது வயதில நான்தான் வாசிச்சுச் சொன்னனான். தேதியை மட்டும் பாத்திட்டு, நீட்டியிருக்கினம் அப்பா எண்டன். அரை வருசம் அந்த மனுசன் சும்மா வீட்டில இருந்தவர்."

"திட்டினாரா?"

"ஏசேல்லை. அடுத்த தாள் வந்தபோது பழசையும் சேர்த்து ஜன்னலில பிடிச்சுக்கொண்டு என்னைக் கூப்பிட்டவர். எது ஒட்டேல்லையோ அதை மட்டும் வாசி எண்டார்."

அதற்கு மேல் பேச நேரம் இல்லை. மருத்துவமனையின் பெயர், இறக்குமதி முகவரின் பெயர், உள்ளூர் லாரிக்காரர் பெயர் என்று ஒவ்வொன்றாகப் பட்டியலில் தேடினோம். "என்ர பேரையே இவங்கள் அஞ்சு விதமா எழுதினவங்கள், எல்லா விதமாவும் தேடும்" என்று அக்கா சொன்னதால் மாலை வரை இழுத்தது. முகவரின் பெயர் பட்டியலில் இருந்த ஒருவரின் பெயரோடு ஒத்துப்போனது. நானாக இருந்தால் அத்தோடு கோப்பை மூடியிருப்பேன். அக்கா ஏடனுக்குத் தொலைபேசியில் பேசி, முகவரின் கடவுச்சீட்டு நகலை வரவழைத்தார். பிறந்த ஆண்டும் ஊரும் தந்தை பெயரும் வேறு. வேறு ஆள்தான்.

வியாழன் காலை எங்கள் பிரிவுத் தலைவர் கையெழுத்துப் போடத் தயங்கினார். நிச்சயமாகத் தெரியுமா என்று மூன்று தரம் கேட்டார். அக்கா வாதாடவில்லை. அவரை நாற்காலியிலிருந்து எழுப்பி அவருடைய ஜன்னலுக்கே கூட்டிக்கொண்டு போய் இரண்டு தாள்களையும் பிடித்துக் காட்டினார். அந்த ஆறடி ஜெர்மானியர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து, வரி வரியாக விரலை வைத்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். லாரி பன்னிரண்டே காலுக்குக் கிளம்பியது. அக்காவின் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த ஒரு பெயர் ஒற்றுமையோடு நிறுத்திவிட்டு, கவனமாக இருந்துவிட்டேன் என்று நிம்மதி அடைந்திருப்பேன். பயத்தைக் கவனம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். கவனம் எப்படி இருக்கும் என்று அந்த ஒன்றரை நாளில்தான் பார்த்தேன்.

ஏழெட்டு வாரம் கழித்துப் பொறியாளர் ஒரு படம் அனுப்பினார். வெள்ளைக் குழாய்கள் சுவரோரமாக ஓடின. வரிசையாகக் கட்டில்கள், எல்லாவற்றிலும் ஆட்கள். கீழே மரியாதையாக ஒரு கேள்வி: "உங்கள் முதல் கடிதத்தில் சொன்ன அவசரநிலை முடிந்துவிட்டதா?"

என்ன எழுதுவது என்று அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

"உள்ளதை எழுதும்."

"முடியவில்லை, இன்னும் ஓர் ஆண்டுக்கு நீட்டியிருக்கிறார்கள்" என்று எழுதினேன். அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"மாத்து ஃபில்டர் எத்தினை வேணுமெண்டும் கேளும். அடுத்த கப்பலுக்கு இப்பவே இடம் போடோணும்."