ஒரு நூல்கூட ஏறக்கூடாது

எனக்குக் கோபம் சட்டென்று வரும். தரைமட்டம் அளக்கும் லெவல் மெஷினில் கண்ணை வைத்தால் மட்டும் கொஞ்சம் அடங்கும். இந்த விஷயத்தில் அதற்கும் வழியில்லாமல் போனது.

நத்தம் ரோட்டை ஒட்டி ஒரு தெரு. அங்கே ஒரு அண்ணன், தம்பி. அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே தம்பி புது வீடு கட்டினான். ரோடு மேல் ரோடு போட்டுப் போட்டு அண்ணன் வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது; மழை பெய்தால் சாக்கடை அவர் கட்டிலுக்கு அடியில்தான் நிற்கும். தன் பிள்ளைகளுக்கு அந்தக் கதி வேண்டாமென்று, தரை எவ்வளவு உயரம் வரவேண்டும் எனப் பார்க்கத் தம்பி என்னைக் கூப்பிட்டிருந்தான்.

மூன்று கால் ஸ்டாண்டில் மெஷினை வைத்து, தம்பி பிடித்த அளவுகோலைப் பார்த்தேன். முதலில் ரோடு, பிறகு அண்ணன் வாசல். என் வாய் சும்மா இருந்ததா?

"அண்ணன் ரொம்ப மட்டம்ப்பா! நீ ரெண்டடி ஏத்திரு!"

எங்கள் தொழிலில் ஆளைச் சொன்னால் வீடு என்று அர்த்தம். வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த அண்ணனுக்கு அது தெரியாது.

"ஏலே, யாரு மட்டம்?"

"வீட்டைச் சொன்னேண்ணே, வீட்டை!"

"என் தரைக்கு மேல இவன் தரை ஒரு நூல் ஏறுச்சு, வெட்டிப் போட்ருவேன்!"

நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. அவர் மெஷினை எட்டி உதைத்தார். அளவுகோலைப் பிடுங்கித் தம்பியின் காதோடு சேர்த்து ஒரே வீச்சு. அலுமினியக் கோல் வளைந்தே போனது. தம்பி கடப்பாறையைத் தூக்கினான். நான் குறுக்கே விழுந்து பிடித்தேன். அடேயப்பா, என் நகமே பெயர்ந்துவிட்டது. கழுத்தில் ரத்தம் வழிய நின்றவன், அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடப்பாறையைக் கீழே போட்டான்.

"அண்ணன் தரைக்குச் சரியாவே போட்ருங்க."

"கிறுக்கா பிடிச்சிருக்கு? சாக்கடை உள்ள வரும்டா!"

"வரட்டும்."

அப்படியே போட்டார்கள். தம்பி குடும்பம் குடிவந்த பிறகு பெய்த முதல் பெருமழையில் எனக்கு மனசு கேட்கவில்லை, போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் கட்டில்மேல் நின்று அழுதுகொண்டிருந்தன. தம்பியும் அவன் மனைவியும் நாற்றத் தண்ணீரை வாளியால் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வாசலில் முழங்கால் தண்ணீரில் நின்றபடி அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அவர் சட்டையைப் பிடித்துச் செவிட்டில் ஒன்று விட்டேன். ஆள் சாக்கடையில் மல்லாந்தார்.

என் முதுகில் பொளேரென்று விழுந்தது. திரும்பினேன். வாளியை ஓங்கியபடி தம்பி நின்றான்.

"எங்க அண்ணன் மேலயே கை வைக்கிறியா?"