ஏழு வீட்டு சைக்கிள்

பொருளைப் பூட்டி வைத்துக்கொண்டு அதைச் சொத்து என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் அப்படி ஒரு மடையனாக இருந்தவன்தான்.

யுத்தத்தில் ஜப்பான்காரன் எங்கள் ஊர் பிரிக்பீல்ட்ஸுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்ட சைக்கிளையெல்லாம் பிடுங்கிக்கொண்டான். நான் என்னுடையதைக் கழற்றி, எங்கள் ரயில்வே குவாட்டர்ஸில் ஏழு வீடுகளில் ஒளித்து வைத்தேன். ஒரு வீட்டில் சக்கரம், ஒரு வீட்டில் சங்கிலி. இரண்டு வருடம் அதில் ஏறவில்லை. ஆனால் வாரா வாரம் வீடு வீடாகப் போய் எண்ணெய் போட்டேன். எவராவது தொட்டால் சண்டை.

ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வலி கண்டது. தலைப்பிரசவம். புருஷன் வேலையாகக் கிள்ளானுக்குப் போயிருந்தான். குழந்தை கால் பக்கமாக வருகிறது என்று பெண்கள் பதறினார்கள். கைதேர்ந்த மருத்துவச்சி பங்சார் எஸ்டேட்டில் இருந்தாள். வேகமாக நடக்க முடியாத பெருத்த உடம்புக்காரி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சைக்கிள வெளிய எடுத்தா போயிடுமே" என்று முனகினேன்.

"போனா போவட்டும்யா! உள்ள ரெண்டு உசுரு கெடக்கு!" என்று அந்தப் பெண்ணின் மாமியார்க்காரி கத்தினாள். வெட்கமாகப் போயிற்று.

ஏழு வீட்டிலிருந்தும் பாகங்கள் ஓடி வந்தன. ஹேண்டில்பாரில் ஈரத்துணி தொங்கியது. "என் கொடிய எங்க கொண்டு போறீங்க?" என்றாள் ஒருத்தி. எங்கள் வரிசையில், ரயில் பட்டறையில் பிட்டர் வேலை பார்த்தவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டினார். டயர் மக்கிப்போயிருந்தது, ரப்பர் குழாயைச் சுற்றிக் கம்பியால் கட்டினோம். பிரேக் கிடையாது.

திரும்பும்போது மருத்துவச்சி கேரியரில் உட்கார்ந்து, இறக்கம் முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள். "பாவி, நான் பிரசவம் பாக்க வந்தேனா, சாக வந்தேனா?" எனக்கோ காற்று முகத்தில் அடிக்க அடிக்கச் சிரிப்பு பொங்கியது.

பொழுது சாய்வதற்குள் பையன் பிறந்தான். தாயும் பிழைத்தாள்.

அப்புறம் சைக்கிளைக் கழற்ற மனம் வரவில்லை. கேட்டவர்களெல்லாம் எடுத்துப் போனார்கள், மரவள்ளி ஏற்ற, மருந்து வாங்க, சும்மா ஒரு சுற்று சுற்ற. இரண்டு மாதம் ஓடியது. பாலத்தருகே ஒரு சிப்பாய் பிடுங்கிக்கொண்டான். அன்றைக்கு ஓட்டிப் போனவன் நான்தான்.

துக்கம் விசாரிப்பதுபோல் ஏழு வீட்டாரும் என் வீட்டில் வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் குழந்தையை என் மடியில் போட்டாள்.

"அழுறதா இருந்தா இவன்கூட சேர்ந்து அழுங்கண்ணே. தொணைக்கு ஆள் இருக்கு."

பயல் அழவில்லை. என் கைலியை நனைத்தான். எல்லோரும் சிரித்த சிரிப்பில் பிட்டருக்குப் புரையேறிவிட்டது.