மனை வாங்க வக்கீல் தேடின கதை

கூனிமேட்டுல ரோட்டோரமா ஒரு மனை பார்த்து வெச்சிருந்தோம். புரோக்கரே வக்கீலையும் காட்டினாரு. "விக்கிறவருக்கும் உங்களுக்கும் இவரே பார்த்துப்பாரு சார். எல்லாம் கிளியர்."

என் வீட்டுக்காரிக்கு அது பிடிக்கல. அதனால இன்னைக்கு காலையில மரக்காணத்துல வேற ஒரு வக்கீலம்மாகிட்ட போனேன்.

பேப்பரை எல்லாம் புரட்டிட்டு, "இது விக்கிறவரோட அப்பா சொத்து. கூடப்பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?"ன்னாங்க.

அங்கேயிருந்தே விக்கிறவருக்கு போன் போட்டேன்.

"ஒரு தங்கச்சி இருக்குது சார். உப்பளத்துல வேலை. அது ஒண்ணும் கேக்காது."

வக்கீலம்மா சொன்னாங்க: "கேக்காதுன்னா போதாது. அவங்களும் கையெழுத்து போடணும்."

சரின்னு நேரா உப்பளத்துக்கே போனேன். அந்தம்மா வெயில்ல உப்பு வாரிக்கிட்டு இருந்தாங்க. விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணன் மனையை விக்குதா? அதுல எனக்கும் பங்கு இருக்குதா?"

"இருக்குதுங்க."

உப்பு வாரறதை நிறுத்திட்டு கிட்ட வந்தாங்க. அப்புறம், "வாடகை வீட்டுல கிடக்கிறோம் சார். நான் விக்க மாட்டேன். உங்க வக்கீலைப் பார்க்க முடியுமா?"ன்னாங்க.

நானே பஸ் ஏத்திக் கூட்டிட்டு வந்தேன்.

வக்கீலம்மா அவங்களை உட்கார வெச்சு ரொம்ப நேரம் பேசினாங்க. வெளியில வந்து என்கிட்ட சொன்னாங்க: "இனிமே நான் இவங்க வக்கீல் சார். உங்களுக்கும் சேர்த்துப் பார்க்கிறது முறை இல்ல."

வீட்டுக்கு வந்ததும், "வக்கீல் எப்படி?"ன்னு வீட்டுக்காரி கேட்டா. ரொம்ப நல்ல வக்கீல்னு சொன்னேன்.

அதே மாதிரி இன்னொருத்தர் யாருக்காவது தெரியுமா?